அடியெடுத்துக் கொடுத்த குரல்

பார்மா,
2 பிப்ரவரி 2004

அன்புள்ள ஓவிதியோவுக்கு,

நலமா? நானும் நலம் என்று எழுதினால் என் முழங்காலே சிரிக்கும். என் மேடை உடைகள், சுவரொட்டிகள் எல்லாவற்றையும் அரங்கத்தின் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டேன். நான் பாடிய ஓபராக்களில் முழுதாக மிஞ்சியது எழுபத்தொன்றாம் வருட ஒலிநாடா ஒன்றுதான். அதிலும் ஒரு சிக்கல், அது நீதான். நான் ஒவ்வொரு வரியைப் பாடுவதற்கும் சற்று முன்னால், பாடுபவர்களுக்கு வரி நினைவூட்டுபவன் உட்காரும் மேடை விளிம்புப் பெட்டிக்குள்ளிருந்து நீ அடியெடுத்துக் கொடுப்பது அப்படியே கேட்கிறது. காப்பகத் தலைவி சில்வானா, "அவர் குரலைத் துடைச்சிட்டா உங்க குரல் பளிச்சுன்னு இருக்கும்மா. அவர் சம்மதம் மட்டும் வேணும்" என்கிறாள்.

அதைக் கேட்கத்தான் உனக்கு போன் செய்தேன். யாரோ எடுத்தார்கள், மூச்சு மட்டும் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்து வாழ்ந்தால் ஒரு 'ஹலோ'வுக்குக்கூடவா பஞ்சம்?

நெரினா

த்ரியெஸ்தே,
11 பிப்ரவரி

அன்புள்ள நெரினா,

துடைக்கச் சொல். பெட்டிக்குள் இருப்பவன் குரல் முதல் வரிசைக்குக் கேட்டாலே அவமானம் என்று வளர்ந்தவன் நான். சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். நீ ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டபோது பெட்டியை விட்டு வரமாட்டேன் என்றவனுக்கு, இப்போது உன் பாட்டுக்குள் என்ன வேலை?

குளிரில் கழுத்தை மூடிக்கொள்.

ஓவிதியோ

பார்மா,
20 மார்ச்

அன்புள்ள ஓவிதியோவுக்கு,

துடைத்த நாடாவைக் கேட்டேன். சுத்தமாக இருக்கிறது. எனக்குத்தான் தாங்கவில்லை. கடைசி அங்கத்து நீண்ட வரிக்கு முன்னால் உனக்காகக் காத்திருந்தேன், நீ வரவில்லை. சில்வானா கேட்டாள், "அந்த இடத்துல அவர் சொன்னது பாட்டுலயே இல்லையே. 'மூச்சை இழு, கண்ணு'ன்னு சொல்றாரே, ஏன்?" என்று. அந்த நாடா பதிவான அன்று மாலைதான் என் அம்மா இறந்த செய்தி வந்தது, உன்னிடம் மட்டும் சொல்லிவிட்டு மேடையேறினேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? தெரியாது என்றேன்.

ஒருமுறை வந்துவிட்டுப் போயேன். இறைச்சி அடைத்த குட்டிக் கொழுக்கட்டை, நம்ம அனோலினி செய்து சூப்பில் போட்டு வைக்கிறேன். கிளம்பும்முன் போன் செய்.

நெரினா

த்ரியெஸ்தே,
5 ஏப்ரல்

நெரினா,

போன் செய்ய முடியாதம்மா. போன வருடம் தொண்டையில் கட்டி என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அன்று போனை எடுத்தது நான்தான். நீ கோபமாக 'ஹலோ, ஹலோ' என்பதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது, வைக்க மனம் வரவில்லை.

துடைக்காத நாடா இன்னும் இருக்கிறதா? என் குரல் வேறெங்கும் இல்லை. சம்மதம் கொடுத்துவிட்டு இப்படிக் கேட்பது எனக்கே அசிங்கமாகத்தான் இருக்கிறது. பயணத்துக்கு டாக்டர் விடவில்லை.

ஓவிதியோ

பார்மா,
13 ஏப்ரல்

என் ஓவிதியோ,

இருக்கிறது. உன் குரலோடு இருப்பதையே காப்பகத்தில் வைக்கச் சொல்லிவிட்டேன். சில்வானா முகம் சுளித்தாள். "அவரில்லாம நான் அதைப் பாடவே இல்லம்மா" என்றேன். எனக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறாள். ஞாயிறு காலை கூப்பிடுவேன். நீ பேச வேண்டாம், எடுத்தால் போதும். நாடாவைப் போட்டு உனக்குக் கேட்கவைக்கிறேன்.

நெரினா

பார்மா,
18 ஏப்ரல்

ஓவிதியோ,

உன் பக்கத்து வீட்டுக்காரி எடுத்தாள். நீ வெள்ளிக்கிழமையே போய்விட்டாயாம். என் கடிதம் நேற்றுத்தான் வந்ததாம், உன் மேசைமேல் பிரிக்காமல் கிடக்கிறதாம்.

இதையும் உன் முகவரிக்குத்தான் அனுப்பப் போகிறேன், வேறு எங்கே அனுப்புவது? நாடா ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வரியையும் நீ முன்னால் சொல்கிறாய். இதோ, அந்த இடம். மூச்சை இழு, கண்ணு என்கிறாய்.

இழுத்துப் பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது.

உன் நெரினா