எச்சில் ரீடு

நெயாஃபு, வவாவுத் தீவு
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் லிசியாத்தேவுக்கு,

ஆண்டவர் தயவால் இங்கே எல்லோரும் மூச்சோடும் பல்லோடும் இருக்கிறோம், நீயும் அந்த டெக்சாஸ் வெயிலில் அப்படியே இருக்க வேண்டும் என்று உன் அம்மா காலையும் மாலையும் முழங்கால் போடுகிறாள். கிழங்குத் தோட்டம் பரவாயில்லை, மழைதான் விட்டபாடில்லை, வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பன்றிகள் வந்து மேய்கின்றன, கேட்டால் பன்றிக்கு வேலி தெரியுமா என்கிறார்கள். அது கிடக்கட்டும். நீ அனுப்பிய பார்சல் கிடைத்தது. சாக்ஸபோன் ஊதுவாயில் செருகுகிற நாணல் சீவலுக்குப் பதில் பிளாஸ்டிக் ரீடு! ஆண்டவர் நாணலைப் படைத்தது போதவில்லை என்று எவனோ ஒருவன் உட்கார்ந்து பிளாஸ்டிக்கில் செய்திருக்கிறான், அதற்கு ஒரு டப்பா, டப்பாவுக்குள் ஒரு டஜன் ரீடும் ஒரு விளக்கத்தாளும். நனைக்க வேண்டாம், பிளக்காது, மாதக்கணக்கில் உழைக்கும், சோப்புத் தண்ணீரில் கழுவலாம் என்று போட்டிருக்கிறது. செருப்புக்கும் இதையேதான் எழுதுவான்.

நீ பிறப்பதற்கு முன்பிருந்தே சபை பேண்டில் ஊதுகிறவன் நான். நாணல் ரீடை வாயில் போட்டு ஊறவைத்துக்கொண்டே பிரசங்கம் கேட்பேன், பிரசங்கம் நீண்டால் எனக்கு நஷ்டம், ரீடுக்கு லாபம். இந்தப் பிளாஸ்டிக்கை வாயில் வைத்தால் பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. ஆனால் நம் பேண்டு மாஸ்டர் சியோசாயா இருக்கிறானே, டப்பாவைக் கண்டதும் புது மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டான். இந்த மழையில நாணலெல்லாம் பூஞ்சை புடிச்சுக் கெடக்கு மாமா, இனிமே எல்லாருக்கும் இதுதான் என்று சொல்லிவிட்டான். அதோடு விட்டானா? ஆண்டுவிழா ஞாயிறன்று வழக்கமாக நான் தனியாக ஊதுகிற கீதத்தை இந்த வருஷம் உன் தங்கை லோசலினே ஊதட்டுமாம், புது ரீடு அவளுக்குத்தான் படியுது, உங்களுக்குத்தான் அது ஆகவே ஆகலையே மாமா என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னான். லோசலினே தலையைக் குனிந்துகொண்டாள், மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இப்போது அவன் புத்திசாலித்தனத்தைக் கேள். கழுவலாம் என்று தாளில் எழுதியிருக்கிறதல்லவா, ஒத்திகை முடிந்ததும் எல்லோருடைய ரீடையும் ஒரே பேசினில் வாங்கிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கழுவி, துண்டில் காயவைத்து, மறுநாள் சீட்டுக்கட்டுப் போடுகிற மாதிரி ஆளுக்கொன்று கொடுத்தான். நாணலாக இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு நிறமாக இருக்கும், எது யாருடையது என்று தடவியே சொல்லிவிடலாம். இந்தச் சனியனெல்லாம் ஒரே அச்சு. நான் மட்டும் என் ரீடின் அடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தேன். பாதிப் பாட்டில் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன், கீறல் போட்ட ரீடு உன் தங்கை வாயில் இருக்கிறது. அப்பன் தின்ற மிச்சத்தையும் குடித்த கோப்பையையும் பிள்ளை வாயில் வைக்கக் கூடாது என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, நான் கடித்து வைத்த பழத்தை எடுத்ததற்கு அம்மாவிடம் நீ வாங்கிய அடியே போதும். அது என்னோடதாச்சே என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பேண்டு அப்படியே நின்றது, டிரம் அடிக்கிறவன்கூட நிறுத்திவிட்டான், அவன் எதற்கும் நிறுத்துகிறவனே இல்லை. லோசலினே ரீடைக் கழற்றிப் பேசினில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

அப்புறம் ஆரம்பித்தது பாரு கூத்து. கொதிக்கிற தண்ணில கழுவினேனே, இன்னும் அதுல என்ன எச்சில் இருக்கும் என்று சியோசாயா கத்துகிறான். போதகர் ரீடைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக்கில் எதுவும் ஊறாது, அதனால் தோஷமில்லை என்று தீர்ப்புச் சொன்னார், என்னவோ வேதாகமத்தில் பிளாஸ்டிக்குக்கென்று ஒரு அதிகாரம் இருக்கிற மாதிரி. உன் அத்தை ஏசெத்தா விசிறியைக் கீழே வைத்தாள். ஊறுதோ ஊறலையோ, என் தம்பி வாயில இருந்துச்சா இல்லையா, அப்ப அது எச்சில்தான், எந்திரிச்சுப் போங்க எல்லாரும் என்றாள். நம் வீட்டில் அத்தை சொன்னபிறகு யார் பேசுவது. போதகரும் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை லோசலினேவுக்குத் தொண்டை வீங்கி, தண்ணீர்கூட இறங்கவில்லை. அப்பன் எச்சில் பட்டால் தொண்டை வீங்கும், அப்பன் கை வைத்துத் தடவினால்தான் இறங்கும் என்று ஊரே வந்து சொன்னது. நான் துறைமுகத்தில் வேலை பார்த்து நாலு தேசத்து ஆளைப் பார்த்தவன், இந்தக் கட்டுக்கதையெல்லாம் என்னிடம் நடக்காது, ஆஸ்பத்திரி மாத்திரை போதும் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் சியோசாயா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். பொண்ணுக்கு முடியலைன்னா ஞாயித்துக்கெழம நீங்களே ஊதிடுங்க மாமா, உங்க நாணலையே போட்டுக்குங்க என்றான். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். பெட்டிக்கடியில் ஒளித்து வைத்திருந்த நாணல் ரீடை எடுத்துப் பூஞ்சையைத் துடைத்து, வாயில் போட்டு ஊறவைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தேன். உன் அம்மா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியோடு வந்து எதிரில் நின்றாள். நம்பிக்கை இல்லேன்னா தொட்டுட்டு வர்றதுல என்ன கொறஞ்சு போச்சு, நம்பாத மனுசனுக்குப் பயம் எதுக்கு, அவளுக்குச் சரியாயிட்டா பாட்டு போயிடும்னுதானே என்று கேட்டாள்.

ரீடைத் துப்பிவிட்டு உள்ளே போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தொண்டையில் கை வைத்தேன், அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. குழந்தையாக இருந்தபோது தூக்கியது, அப்புறம் நான் அவளைத் தொட்டதே இல்லை. என் கைக்கடியில் ஒருமுறை எச்சில் விழுங்கினாள், விழுங்க முடிந்தது. தெரிஞ்சு செய்யலப்பா என்றாள், குரலே இல்லை. தெரியும், வாய மூடு, ஞாயித்துக்கெழம ஊதணும்ல என்றேன். அவள் அழுதாள். நானும்தான், இதை அம்மாவுக்கு எழுதிவிடாதே.

ஞாயிறன்று ஊதினாள், உன் பிளாஸ்டிக்கில்தான். நன்றாக இருந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை, வேண்டுமானால் போனில் அம்மாவிடம் கேட்டுக்கொள். தங்கையிடம் நீ கேட்க முடியாது, வளர்ந்த அண்ணனும் தங்கையும் நேராகப் பேசிக்கொள்கிற வழக்கம் நமக்கில்லை, அதனால்தான் இவ்வளவும் நானே எழுதினேன். மாத்திரைதான் கேட்டது என்று நான் சொல்கிறேன், ஊர் வேறு சொல்கிறது, சொல்லட்டும். சியோசாயா இப்போது அவன் பெண்டாட்டியின் நகப்பூச்சை எடுத்து ரீடுக்கு ஒரு நிறமாகத் தீட்டிக்கொண்டிருக்கிறான். இதை நாணல் ரீடுக்கு யாராவது செய்ததுண்டா?

ஆண்டவர் உன்னை வழியிலும் வேலையிலும் காப்பாராக, அம்மாவும் அத்தையும் உன் நெற்றியில் முத்தமிடச் சொல்கிறார்கள். மறக்காமல் ஒன்று. போன வாரம் போனில் உன் குரல் கரகரவென்று இருந்தது, ஏசிக் காற்று என்றாய். இருக்கலாம். என் மிச்சத்தில் நீ எதை எப்போது தின்றாயோ எனக்குத் தெரியாது, என் கை அவ்வளவு தூரம் எட்டாது. நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. இருந்தாலும் ஒருதரம் வந்துவிட்டுப் போ.

உன் அப்பா,
கெலேபி