ஆயிரத்து நானூறு கலோரி

தேகு
செப்டம்பர் 26

அன்புள்ள நாரே அக்காவுக்கு,

தாசோம் எழுதுகிறேன். வான்கூவர் சிகிச்சை விடுதியில் கைபேசியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், கடிதம் மட்டும்தான் கைக்கு வரும் என்று உன் அம்மா சொன்னார். உன் எடை முப்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டதையும், போன மாதம் குளியலறையில் மயங்கி விழுந்ததையும் சொல்லி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று உனக்கே தெரியும். நலமா என்று கேட்கப்போவதில்லை. ஒரு செய்தி இருக்கிறது, நிதானமாகப் படி.

மா சுன்ரியே என் கையில் சிக்கினாள்.

நம் பாலே பள்ளியின் இயக்குநர் மா சுன்ரியேதான். நேரில் 'மேடம், மேடம்' என்று மரியாதையெல்லாம் கொடுத்துவிடுகிறேன், கடிதத்திலாவது எனக்கு விடுதலை வேண்டும். இரண்டு வாரமாக எங்கள் மருத்துவமனையின் ஏழாவது மாடியில் படுத்திருக்கிறாள். வயது அறுபத்தேழு, உயரம் நூற்று ஐம்பத்தெட்டு, எடை எழுபத்தொன்று. சர்க்கரை வியாதி வேறு. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டன. எட்டு கிலோ குறைத்தால்தான் முழங்காலில் கை வைப்பேன் என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு எத்தனை கலோரி என்று எழுதித் தர வேண்டியது இங்கே டயட்டீஷியனாக இருக்கும் என் வேலை.

என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால்தானே தெரியும்? ஆறு வருடமும் அவள் பார்த்தது எடை மெஷினைத்தான். உயரத்தில் நூற்றிருபதைக் கழி, மிச்சம்தான் உன் எடை. அதற்கு மேல் எத்தனை கிலோ இருக்கிறதோ அதுதான் நமக்குப் பெயர். நான் 'மூணு கிலோ'. மிரே 'ஒன்றரை'. நீ மட்டும் 'பூஜ்யம்'. அந்தப் பெயருக்காக நாங்கள் உன்மேல் எவ்வளவு பொறாமைப்பட்டோம்! வளர்கிற வயதில் இருந்த பன்னிரண்டு பெண்களுக்கும் ஒரே அளவு, அறுநூறு கலோரி.

அந்த சூசோக் பண்டிகையை நீ மறந்திருக்கமாட்டாய். உன் அம்மா எள் பூரணம் வைத்த சோங்பியன் கொழுக்கட்டை கொடுத்தனுப்பியிருந்தார். அவள் பிடுங்கவில்லை, திட்டவும் இல்லை. உன் தலையைத் தடவி, டிஷ்யூ தாளை நீட்டி, ஆசைக்கு மென்றுவிட்டு இதில் துப்பிவிடு என்றாள். நாங்கள் அதையெல்லாம் பிறகு விட்டுத் தொலைத்தோம். நீதான் விடவில்லை.

இப்போது கேள். முதல் நாளே அவள் எனக்குப் பாடம் எடுத்தாள்.

"அறுநூறு போடும்மா. எனக்கு இதெல்லாம் அத்துப்படி. நாப்பது வருஷம் பொண்ணுங்கள ஒல்லியாக்கினவ நான்."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. டிசம்பரில் பள்ளியின் நாற்பதாம் ஆண்டு விழா. அக்டோபர் முடிவதற்குள் எடையைக் குறைத்து, அறுவை சிகிச்சையை முடித்து, பழைய மாணவிகள் எல்லோருக்கும் முன்னால் தன் காலால் மேடை ஏறி வணங்க வேண்டுமாம். சக்கர நாற்காலியில் போவதைவிடச் சாவதே மேல் என்றாள்.

உன்னிடம் ஒளிக்கமாட்டேன். பேனா என் கையில் இருந்தது. நோயாளியே கேட்கிறார், ஒரு வாரம் பார்க்கலாம் என்று சொன்னால் மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிவிடலாம். அவள் விழுங்கும் சர்க்கரை மாத்திரைக்கு அறுநூறு கலோரி எந்த மூலைக்கு? ஒரு நாள் காலையில் சர்க்கரை மளமளவென்று இறங்கி, குளியலறையில் தலை சுற்றி விழுவாள், நீ விழுந்ததுபோலவே. அவ உன் கையில சிக்கினா என் பங்கையும் சேத்துக் குடு என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் நீ எழுதியிருந்ததும் நினைவுக்கு வந்தது. படிவத்தில் ஆறு என்று எழுதியும்விட்டேன்.

பிறகு அந்தத் தாளைக் கிழித்தேன். இரக்கம் என்று நினைத்துவிடாதே. கேட்டதைக் கொடுத்தால் அது அவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. முறைப்படி கணக்குப் போட்டேன். அவள் உயரத்துக்கு ஐம்பத்திரண்டு கிலோ போதும். கூடுதலாக இருப்பதில் கால்வாசியை அதோடு சேர்த்து, படுக்கையிலேயே இருப்பதால் இருபத்தைந்தால் பெருக்கினேன். ஆயிரத்து நானூறு வந்தது. இந்த அளவில் வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கும். எட்டு கிலோவுக்குப் பதினாறு வாரம். நாட்காட்டியைப் புரட்டினேன். ஜனவரி.

அக்கா, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! அவளுக்குத் தீங்கில்லாத எண்ணே அவள் விழாவைக் கெடுக்கிற எண்ணாகவும் இருந்தது. நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, ஆயிரமாவது போடு என்று கெஞ்சினாள். அவசரப்படுத்தினால் கொழுப்போடு சதையும் எலும்பும் சேர்ந்து கரையும், பிறகு புது முழங்கால் வைத்தும் நிற்க வலு இருக்காது என்று பணிவாக விளக்கினேன். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதைச் சொல்லும்போது எனக்கிருந்த குஷிதான் பொல்லாதது.

அடுத்து ஒளிக்க ஆரம்பித்தாள். சோற்றை டிஷ்யூவில் சுருட்டி மேசை இழுப்பறைக்குள், மீன் துண்டைத் தலையணை உறைக்குள். என்னிடமா இந்த வேலை? சோற்றை எங்கெல்லாம் ஒளிக்கலாம் என்று அவள் பள்ளியில்தானே படித்தேன். அன்று முதல் தினமும் மதியம் அவள் கட்டில் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தட்டு காலியான பிறகுதான் எழுந்தேன்.

நேற்று சூசோக். அவள் தட்டில் பாதிக் கிண்ணம் சோற்றை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் மூன்று சோங்பியன் வைக்கச் சொன்னேன், எள் பூரணம் வைத்ததாக. ஒன்றை வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே கை டிஷ்யூவுக்குப் போனது. நான் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"முழுங்குங்க, மேடம்."

அப்போதுதான் என் முகத்தை முதல்முறையாகப் பார்த்தாள். கன்னத்தில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டு, நீ மூணு கிலோவா என்று கேட்டாள். என் பெயர் தாசோம் என்றேன். சிரமப்பட்டு விழுங்கினாள். விழுங்கிவிட்டு, பூஜ்யம் எப்படி இருக்கிறாள், இன்னும் ஆடுகிறாளா என்று விசாரித்தாள்.

இதற்காகப் பதினைந்து வருடமாக எவ்வளவோ பேச்சு சேர்த்துவைத்திருந்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். பத்தொன்பது வயதில் உனக்கு மாதவிலக்கு நின்றது, இருபத்தேழு வயதில் பேருந்துப் படியிலிருந்து இறங்கியதற்கே தொடை எலும்பு முறிந்தது, இப்போது படுத்திருப்பது, எதையும் விடவில்லை. கடைசியில் எடையைச் சொன்னேன்.

அவள் உதடு தானாக அசைந்தது.

"நூத்தி அறுபத்தஞ்சுல நூத்திருபது போனா நாப்பத்தஞ்சு. ஏழு கிலோ..."

அதோடு நிறுத்திவிட்டாள். அந்தக் கணக்கில் குறைவுக்குப் பெயர் வைத்து அவளுக்குப் பழக்கமில்லை. மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. இரண்டாவது கொழுக்கட்டையை எடுத்து மென்று விழுங்கினாள். மூன்றாவதையும் விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, தொண்டையில் அடைத்ததாலா வேறெதனாலா என்று நான் கேட்கவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் வெளியே வந்தேன். வராந்தாவில்தான் உறைத்தது: காலையிலிருந்து நானே எதுவும் சாப்பிடவில்லை. சமையல்கூடத்துக்குப் போய், மிச்சமிருந்த சோங்பியனை நின்றபடியே தின்றேன். எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணாமல் நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

என் பழி பாதிதான் தீர்ந்திருக்கிறது, அக்கா. மீதி உன் தட்டில் இருக்கிறது. நீ எழுந்து நடந்தால்தான் அவள் முழுதாகத் தோற்பாள். எத்தனை கலோரி என்று மட்டும் என்னிடம் கேட்காதே. இந்த வருடம் எத்தனையோ பேருக்கு எண் எழுதிக் கொடுத்தேன், உனக்கு எழுதமாட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதை அங்குள்ள மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும். அவர்கள் வைப்பதைச் சாப்பிடு. என்ன சாப்பிட்டாய், ருசியாக இருந்ததா என்று எனக்கு எழுது.

டிசம்பர் விழாவுக்கு முதல் வரிசையில் இரண்டு இருக்கை சொல்லி வைத்திருக்கிறேன். அவளைச் சக்கர நாற்காலியில் மேடைக்கு உருட்டிக்கொண்டு வரும்போது நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த டிசம்பருக்கு முடியாது என்று எனக்கும் தெரியும். உன் இருக்கையில் என் கோட்டைப் போட்டுவைக்கிறேன், வேறு யாரையும் உட்காரவிடமாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். துப்பிவிடாதே. முழுங்கு, அக்கா.

உனக்காகக் காத்திருக்கும் தங்கை,
தாசோம்