நாலு விரல் இறக்கிய கார்

11-1-1981, ஞாயிறு

கொட்டகையில் கார்மேல் கிடந்த தார்ப்பாயை இன்று எடுத்தேன். மூன்று மாதமாகத் தொடவில்லை. கூரை அமுங்கிக் கிடக்கிறது, முன்கண்ணாடி இல்லை. எஞ்சின் மட்டும் இரண்டாவது முயற்சியிலேயே ஓடியது. தம்பி போய்விட்டான், இது ஓடுகிறது. சற்று நேரம் அதன்மேலும் ஆத்திரம் வந்தது.

வாசலில் டிரைவர் வெள்ளைத்துரையின் ஜீப்பு போனது. ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் இந்தத் தெரு வழியாகத்தான் போகிறான். போடியில் வேறு தெருவே இல்லையா? ஜாமீனில் வந்தவன் தலையைக் குனிந்துகொண்டாவது போகக்கூடாதா?

அவனை விடமாட்டேன். எழுதி வைக்கிறேன்.

14-1-1981

பொங்கல். வீட்டில் பொங்கல் வைக்கவில்லை.

17-1-1981

வக்கீல் குமாஸ்தா வந்து, நான் சொல்ல வேண்டியதை ஒருமுறை சொல்லச் சொன்னார். நான்தான் முதல் சாட்சி.

சொன்னேன். அக்டோபர் ஒன்பதாம் தேதி. தோட்டத்தில் ஏலக்காய் காயவில்லை, அதனால் மூட்டை இல்லாமல் காலி வண்டியில் போடிமெட்டிலிருந்து இறங்கினோம். தம்பி திருப்பதி ஓட்டினான், நான் பக்கத்தில். பின்னால் வெள்ளைத்துரை ஹாரன் அடித்துக்கொண்டே ஜீப்பில் வந்தான். யார் முதலில் அடிவாரத்து முந்தல் ஊருக்கு இறங்குவது என்று அந்த இருவருக்கும் எப்போதும் போட்டி. ஒன்பதாம் வளைவில் திரும்பும்போது பின்னால் ‘டொம்’ என்று ஒரு சத்தம். வண்டி புரண்டது. எனக்கு நினைவு வந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன், தோள் எலும்பு முறிந்திருந்தது. திருப்பதிக்கு எல்லாம் முடிந்திருந்தது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை நான்.

இடித்தது அவன் ஜீப்புதான். இடித்துவிட்டு அவனே எங்களைத் தூக்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால் யோக்கியன் ஆகிவிடுவானா? “நான் இடிக்கலை, வண்டி தானாப் புரண்டுச்சு” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். தானாகப் புரள அது என்ன கழுதையா?

8-2-1981

மதுரைக்கு ரயிலில் போய்வந்தேன். லேத்துப் பட்டறை பால்சாமி அண்ணன் சோழவரம் கார் பந்தயத்துக்கு வண்டிகள் தயார் செய்தவர். வளைவில் ஒரு ஜீப்பை முந்த வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

“வண்டியத் தாழ்த்து சோலமலை. எவ்வளவு தாழுதோ அவ்வளவு ரோட்டைப் பிடிக்கும்” என்றார்.

இந்தக் காருக்கு முன்னால் ஷாக் அப்சார்பரைச் சுற்றித்தான் சுருள் ஸ்பிரிங் நிற்கிறது. ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தை அறுத்து எடுத்துவிட்டு, மரை போட்ட குழாய் ஒன்றைச் செருகி, அதன்மேல் வளையம் மாட்டிவிட்டால் போதும். வளையத்தைத் திருகத் திருக வண்டி ஏறும், இறங்கும். ஒரு ஜோடி கடைந்து தருகிறேன் என்றார்.

என் திட்டம் இதுதான். அதே ஒன்பதாம் வளைவு. அவனை முந்தி, குறுக்கே மறித்து, கட்டைச் சுவரோடு நிறுத்த வேண்டும். திருப்பதிக்கு வந்த பயம் அவன் முகத்தில் வர வேண்டும். கோர்ட் அதற்கப்புறம் கொடுப்பதைக் கொடுக்கட்டும்.

1-3-1981

ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்டச் சரியான கருவி இல்லை. சங்கிலியும் போல்ட்டும் வைத்து அமுக்கினேன். சங்கிலி விட்டுவிட்டது. ஸ்பிரிங் என் காதை ஒட்டிப் பறந்து, சுவரில் பட்டு, பூச்சு பெயர்ந்து விழுந்தது. பொன்னுமணி ஓடிவந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். தம்பி பெண்டாட்டி இந்த வீட்டில் பேசியே பல மாதமாகிறது.

நான் நினைத்தது என்னவென்றால் — இது அவன் மண்டையில் பட்டிருக்கக் கூடாதா.

8-3-1981

முன்பக்கம் முடிந்தது. வளையத்துக்குக் கீழே இன்னொரு வளையம் போட்டு இறுக்கிப் பூட்டினேன். பின்பக்கம், மூட்டை சுமக்க நான் முன்பு சேர்த்திருந்த இரண்டு ஸ்பிரிங் பட்டைகளையும் கழற்றி மூலையில் போட்டேன். மூட்டை சுமக்கிற சோலி இனி இந்த வண்டிக்கு இல்லை. முன்னாலும் பின்னாலும் நாலு விரல் இறங்கிவிட்டது. தெருவில் போனால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

முந்தல் வரை ஓட்டிப் பார்த்தேன். கல்லில் அடி தட்டுகிறது, இடுப்பு ஒடிகிறது. ஆனால் வளைவில் — அடேயப்பா! ஒட்டிக்கொண்டு திரும்புகிறது.

24-3-1981

செய்துவிட்டேன்.

சாயங்காலம் போடிமெட்டில் காத்திருந்தேன். ஜீப்பு நிறைய காய் பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்கினான். எட்டாம் வளைவு வரை விட்டுக்கொடுத்தேன். அப்புறம் உள்பக்கமாக நுழைந்து, ஒன்பதில் முந்தி, குறுக்கே நிறுத்தினேன். ஜீப்பு வழுக்கிக்கொண்டே வந்து கட்டைச் சுவரை உரசி நின்றது. பெண்கள் அலறினார்கள். “நாசமாப் போறவனே!” என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள்.

அவன் முகத்தைப் பார்த்தேன். வேண்டியமட்டும் பார்த்தேன். இனித்தது. எழுத எனக்கு வெட்கமில்லை.

இறங்கி வந்தான்.

“என்னைய மட்டும்னா செய்ங்கண்ணே. உள்ள பதினாலு பொம்பளைக இருக்குதுக.”

அவன் காரைச் சுற்றிப் பார்த்தான்.

“இன்னைக்கு மட்டும் எப்படிண்ணே இந்தத் திரும்பு திரும்புது? அன்னைக்குப் பின்சக்கரம் உள்ளுக்க மடங்குச்சு, வாலு தூக்குச்சு, கவுந்துருச்சு. பின்னால வந்து பாத்தவன் நான். அன்னையிலருந்து சொல்றேன், யாரு கேக்குறா?”

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

26-3-1981

சக்கரம் மடங்கியதாம். கோர்ட்டில் தப்பிக்க அவன் வக்கீல் சொல்லிக் கொடுத்த கதை. வேறென்ன?

தூக்கம் இல்லை.

28-3-1981

அவனைப் பொய்யன் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. கழற்றிய பட்டைகளை மறுபடியும் பின்னால் மாட்டினேன். முன்பக்க வளையங்களைத் திருகிப் பழைய உயரத்துக்கு ஏற்றினேன். வண்டி அக்டோபர் ஒன்பதில் நின்றபடியே நிற்கிறது, வாலைத் தூக்கிக்கொண்டு. நாளை காலி வண்டியில் அதே வளைவில் அதே வேகத்தில் திரும்பிக் காட்டுகிறேன்.

29-3-1981

விடிந்ததும் போனேன். ரோட்டில் ஈ காக்கை இல்லை. அன்றைய வேகம்கூட இல்லை, அதில் முக்கால்தான். ஒன்பதில் ஸ்டீரிங்கை ஒடித்தேன்.

டொம்.

அதே சத்தம். பின்பக்கம் எழும்பியது. எப்படியோ மலைப்பக்கம் ஒடித்துச் சாக்கடையில் இறக்கினேன், அதனால் பிழைத்தேன்.

திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை. ஜீப்பு இல்லை. ஐயோ, எவனுமே இல்லையே!

30-3-1981

எழுத ஒன்றுமில்லை.

4-4-1981

இந்தக் காருக்குப் பின்பக்கம் உயர்ந்தால் சக்கரங்களின் அடி உள்ளே வாங்குகிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அப்படியே மடங்கி வண்டியைத் தூக்குகிறது, அப்போது அச்சு அடிக்கிற சத்தம்தான் அது. மூட்டை இருந்தால் பாரத்தில் அமுங்கிச் சமமாக நிற்கும். அதனால்தான் இரண்டு வருடம் எதுவும் ஆகவில்லை. அன்று காலி வண்டி.

கம்பெனி கொடுத்தபடி விட்டிருந்தால் திருப்பதி இருந்திருப்பான். பட்டை வாங்கியது நான், மாட்டியது நான். நடைக்கு இரண்டு மூட்டை கூட ஏற்றலாம் என்று. தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டியதும் நான்தான்.

அவன் மட்டும் ஹாரன் அடித்து விரட்டாமல் இருந்திருந்தால்? — இன்னமும் அவனைத்தான் தேடுகிறது புத்தி.

19-5-1981

கோர்ட் தேதி வந்துவிட்டது. ஜூன் இருபத்துமூன்று.

பட்டை விஷயம் யாருக்கும் தெரியாது. நான் பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. “பின்னால் ஜீப்பு வந்தது, சத்தம் கேட்டது, வண்டி கவிழ்ந்தது.” மூன்றும் உண்மை. மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு இறங்கினால் போதும், மற்றதை வக்கீல் பார்த்துக்கொள்வார். அவன் உள்ளே போவான். ஆத்தா நிம்மதியாகச் சாப்பிடுவாள். நானும் தம்பிக்குச் செய்ய வேண்டியதைச் செய்த அண்ணனாக இந்தத் தெருவில் நடப்பேன்.

எவ்வளவு சுலபம்.

12-6-1981

பொன்னுமணி சாப்பாடு வைத்தாள். கொட்டகைப் பக்கம் பார்த்துவிட்டு, அவளாகவே பேசினாள். எட்டு மாதத்தில் முதல்முறை.

“மாமா, அந்த வண்டி பின்னால தூக்குதுன்னு ஒரு தரம் அவரு சொன்னாரு. உங்ககிட்டச் சொல்லுங்கன்னேன். ‘அண்ணன் பாத்துச் செஞ்சது, சரியாத்தேன் இருக்கும்’னாரு.”

அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. புருஷன் பேச்சு ஏதோ ஞாபகம் வந்தது, சொன்னாள், அவ்வளவுதான். மோர் ஊற்றிவிட்டுப் போனாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. டேய் திருப்பதி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா!

23-6-1981

கோர்ட். சத்தம் கேட்டதா என்றார் சர்க்கார் வக்கீல். கேட்டது என்றேன். எதனுடைய சத்தம் என்று அவர் கேட்கவில்லை. உட்காரப் போனார். நானே சொன்னேன். பின்னால் கூடுதல் பட்டை மாட்டிய அதே காலி வண்டியில் மார்ச் இருபத்தொன்பதில் மறுபடி கேட்டேன், பின்னால் ஜீப்பு இல்லை என்றேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வண்டியில் அந்த மாறுதலைச் செய்தது யார் என்று கேட்டார்.

“நான்தாங்க.”

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. வெள்ளைத்துரை என்னைப் பார்க்கவே இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் போய் “அன்னைக்குத் தப்பு என்மேலதான்” என்றேன். “சரிண்ணே” என்றான். அதற்குமேல் அவன் ஏன் பேச வேண்டும்?

24-6-1981

ஆத்தாவிடமும் பொன்னுமணியிடமும் நானே சொன்னேன். ஆத்தா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

5-7-1981, ஞாயிறு

பொன்னுமணி குரங்கணிக்குத் தன் அப்பன் வீட்டுக்குப் போகிறாள். நான் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கேட்க முடியுமா? குரங்கணிக்கு ஞாயிற்றுக்கிழமை போகிற ஜீப்பு ஒன்றுதான், வெள்ளைத்துரையுடையது. டிரங்குப் பெட்டியை நானே தூக்கிப் பின்னால் வைத்தேன். “முன்னால ஏறிக்க தங்கச்சி” என்றான் அவன்.

ஏறி உட்கார்ந்ததும் அவள் அவனிடம் கேட்டாள்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறப்ப அவருக்கு உசிரு இருந்துச்சாமே. எதுவும் சொன்னாராண்ணே?”

இத்தனை மாதமும் அதைக் கேட்கத்தான் காத்திருந்திருக்கிறாள். அவனோடு எவர் பேசினாலும் இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று கத்தியவன் நான்.

அவன் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே, “சொன்னாரு தங்கச்சி. போற வழியில சொல்றேன்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.