மலர்விழியின் பெயர்

நவம்பர் 14, வெள்ளி. அல் ஐன், அமீரகம்.

மகனின் ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஆங்கிலம் திருத்துவது நான்தான். இந்த முறை அவனுடைய ஆய்வக உதவியாளர் மலர்விழியின் பெயர் எழுதியவர்கள் பட்டியலில் இல்லை. அந்த இடத்தில், ஆய்வகத்தையே பார்த்திராத ஒரு ஜெர்மன் பேராசிரியர். அவளிடம் சொன்னேன். இன்று மாலை வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"சேர், சோதனை முழுக்க நான் செய்தது. என்ர பேர் எங்க?"

"வெளிநாட்டுப் பேர் இருந்தாத்தான் யுனிவர்சிட்டிக்கு ராங்க் ஏறும். கலாஸ், பேச்சு முடிஞ்சது. கிளம்பு."

அவள் நகரவில்லை. மகன் அவளைப் பிடித்துத் தள்ளினான். கதவு நிலையில் மோதி அவள் நெற்றி பிளந்தது. ஓங்கி அவனை அறைந்தேன். கை இன்னும் எரிகிறது. அவன் அப்பா இருந்திருந்தால்...

அவளுக்குத் தையல் போட்ட ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போயிருக்கிறது. காலையில் வருவார்கள்.

"அவளே வழுக்கி விழுந்தாள்னு சொல்லிடுங்கம்மா," என்கிறான்.

கதவு நிலையில் இருக்கும் ரத்தத்தைத் துடைக்க வந்தான். விடவில்லை. அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.