சிங்கப்பூரில் நீ இருந்த நாட்கள்

இன்று காலை வண்ணார்பேட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் சட்டைப்பைக்குள் இருந்து நீ பேசினாய். "ஏலே, அங்கன போய்ச் சேரல, என்னன்னு பாரு." பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்தவர் முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு சட்டைப்பையைப் பார்த்தார். யாரோ கூட்டாளி நன்றாக அதட்டுகிறாரே என்று டீக்கடை அண்ணாச்சி சிரித்தார். ஆமாம், கூட்டாளிதான் என்றேன். அந்தக் கூட்டாளி போன வருசமே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டான் என்பதை டீக்கடையில் வைத்து எப்படிச் சொல்வது?

அந்தக் குரலை நீ பதிவு செய்தது நம் சேவை தொடங்கிய புதிதில். பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போன நெல்லைக் குடும்பங்களுக்கு ஊர்ச்சேதி சொல்கிற சேவை. யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யாருக்குக் கல்யாணம், யார் தவறிப்போனார்கள் என்று பெயரும் தேதியுமாக ஓர் அட்டவணை. அது மும்பை சர்வரில் ஒன்று, அதன் நகல் சிங்கப்பூர் சர்வரில் ஒன்று. நாம் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து மும்பையில் எழுதுவோம். எழுதியது தானாகவே சிங்கப்பூருக்கும் போய்விடும். அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் அந்த நகலைப் படிப்பார்கள். நகல் பின்தங்கினால் என் போன் கத்தி எழுப்ப வேண்டும். போனோடு வந்த மணியோசைக்கெல்லாம் நான் அசைய மாட்டேன் என்று கண்டுகொண்டு, உன் தொண்டையாலேயே ஓர் அலாரம் செய்து கொடுத்தாய்.

உன்னிடம் ஒரு வழக்கம் இருந்தது. மும்பையில் ஒரு வரியை எழுதியதும் சிங்கப்பூர் நகலைத் திறந்து அதே வரியை ஒருமுறை படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாய். எழுதியது பதிந்துவிட்டது என்று திரையில் பச்சை விளக்குதான் எரிகிறதே, பிறகென்ன சந்தேகம் என்று கேட்டால் ஒரே பதில்தான். "துட்டி சொல்லப் போறவன் வீட்ல ஆளு இல்லன்னா பக்கத்து வீட்ல சொல்லிட்டு வந்திருவானா வே? சம்பந்தப்பட்டவன் மொகத்தப் பாத்துச் சொல்லணும்லா."

சாவுச் சேதி சொல்லும் நம் பக்கத்துத் துட்டி முறையை நீ சர்வருக்கும் பொருத்திவிட்டாய். எங்கள் வீட்டுத் துட்டியைப் போனில் மட்டும் சொன்னதற்காக வள்ளியூர் மாமா ஒருவர் இன்றுவரை எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது தெரிந்தும் நான் உன்னைக் கேலி செய்தேன். கம்ப்யூட்டரிடம் மாமன் மச்சான் முறை பார்க்கிறவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான் என்பேன். நீயும் கூடச் சேர்ந்து சிரிப்பாய். சிரித்தபடியே சிங்கப்பூரைத் திறந்து படிப்பாய்.

பிறகு ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று வண்டியை ரோட்டோரம் நிறுத்தினாய். ஆஸ்பத்திரியில் இருந்து உன் உடலைத்தான் கொண்டுவந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் பாதிரியாரான சபை ஐயர் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் தலை குனிந்து நின்ற அந்த அமைதியில் என் பையில் இருந்து நீ பேசினாய். "ஏலே, அங்கன போய்ச் சேரல, என்னன்னு பாரு." உன் மனைவி தலையைத் தூக்கினாள். குழிக்குப் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். நான் போனை எடுக்கத் தடுமாறியதில் நீ இன்னொரு தடவையும் பேசினாய். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. அலாரத்தை நிறுத்தினேன். அன்றைக்கு மட்டுமில்லை, ஒரேயடியாக நிறுத்தினேன். உன் குரலை இன்னொரு முறை கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்று சாயங்காலம் குளித்துவிட்டு வந்து அட்டவணையில் உன் வரியை நானே திறந்தேன். 'இருக்கிறார்' என்று இருந்ததை அழித்துவிட்டு 'காலமானார்' என்று எழுதினேன். மூடிவைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். அழுது கண் தெரியவில்லை என்று சாக்குச் சொல்லலாம். உண்மை என்னவென்றால், சிங்கப்பூரைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கல்லறையில் நீ கத்தியது நகல் எடுப்பது நின்றுபோனதால்தான். நான் வேலைக்குத் திரும்பி அதை மறுபடி ஓடவிட்டபோது இரண்டு நாள் கழிந்திருந்தது. பச்சை விளக்கு எரிந்தது, புதிதாக எழுதியவை ஓடின, நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். சிங்கப்பூருக்குப் போக வரிசையில் நிற்பவை ஒரு நாள்தான் காத்திருக்கும், அதற்குப் பிறகு தானாக அழிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாததா? அழிந்துபோனவற்றில் உன் சாவும் இருந்தது.

உன் பிறந்தநாள் வந்தது. பிறந்தநாளை நினைவூட்டும் வேலையைச் சிங்கப்பூர் நகல்தான் அந்தப் பக்கத்துக்குச் செய்கிறது. அங்கே இருக்கிற உன் தங்கச்சிக்கு, இன்று உங்கள் அண்ணனுக்குப் பிறந்தநாள், வாழ்த்துச் சொல்லுங்கள் என்று போயிருக்கிறது. அவள் என்ன நினைத்தாளோ, வாழ்த்துச் சொல்லும் பொத்தானை அழுத்திவிட்டாள். இங்கே உன் போன் அடித்திருக்கிறது. அதில் சார்ஜ் இறங்காமல் உன் மனைவி வைத்திருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அவள் கூப்பிட்டதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நடந்ததை எல்லாம் சொன்னேன். மும்பையில் எழுதியதையும் அது சிங்கப்பூருக்குப் போகாததையும் சொன்னேன். கல்லறையில் நான் எதை நிறுத்தினேன் என்பதையும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்பம் சிங்கப்பூர்ல அவிய இன்னும் இருக்காவளாண்ணே?" என்றாள்.

ஆமாம் என்றேன். இத்தனை வருசமாகப் பிழைக்கிற இந்த வேலையில் நான் சொன்னதிலேயே கேவலமான ஆமாம் அதுதான்.

காட்டச் சொன்னாள், காட்டினேன். உன் பெயர், உன் பிறந்தநாள், கீழே மனைவி என்று அவள் பெயர், கடைசியில் 'இருக்கிறார்'. திரையைத் தன் பக்கம் இழுத்துவைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் உறைத்தது, எழுந்து நின்றுகொண்டேன். அப்புறம் திரையை என் பக்கம் தள்ளினாள். "மாத்திருங்க. அவிய தங்கச்சி அங்கன கெடந்து அழுதா."

மும்பையில் மறுபடி எழுதினேன். பச்சை விளக்கு எரிந்தது. முடிந்தது என்று சொல்லி லேப்டாப்பை மூடப் போனேன். இவ்வளவு நடந்த பிறகும், உன் வீட்டிலேயே, உன் மனைவிக்கு முன்னாலேயே மூடப் போனேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "போய்ச் சேந்துட்டுதான்னு பாக்க மாட்டியளா? அவிய பாப்பாவல்லா."

சிங்கப்பூரைத் திறந்தேன். அந்த வரியை அவள் பக்கம் திருப்பி, அவள் முகத்தைப் பார்த்தபடி படித்தேன். உன் சாவை அவளுக்கு முதலில் சொன்னவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள். இரண்டாவது தடவை சொன்னவன் நான். வெளியே வரும்போது, துட்டி வீட்டில் செய்வது போலவே, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லாமல் இறங்கினேன். இன்றைக்கும் அவளை ரோட்டில் தூரத்தில் கண்டால் எதிர்ப்பக்கத்துக்கு மாறிக்கொள்ளத்தான் கால் போகிறது.

அன்றைக்கே உன் அலாரத்தைத் திரும்ப வைத்தேன். ஆபீசில் புதிதாக வந்தவர்கள் திடுக்கிட்டுப் போகிறார்கள், வேறு ஓசை வைக்கலாமே என்கிறார்கள். நான் கேட்பதாக இல்லை. பஸ்ஸில் அடித்தாலும் பந்தியில் அடித்தாலும் எல்லோர் முன்னாலும் உன் அதட்டலை வாங்கிக்கொள்கிறேன். அது எனக்கு வேண்டும்.

இன்று காலை டீயை அப்படியே வைத்துவிட்டு, கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஆழ்வார்திருநகரியில் ஒரு குழந்தை பிறந்த செய்தி நடுவழியில் நின்றிருந்தது. ஓடவிட்டேன். சிங்கப்பூரைத் திறந்து, குழந்தையின் எடை வரைக்கும் படித்தேன். அது முடிந்ததும் எப்போதும் போல உன் வரியையும் திறந்தேன். முதலில் மும்பையில், அப்புறம் சிங்கப்பூரில். ஏலே, இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.