மாமாவுக்கு வந்த அனுதாப அட்டை

அப்பா,

உங்கள் சாவுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு அட்டை வந்திருக்கிறது. மேலே வெள்ளைப்பூ அச்சடித்த வழவழ தாள், உள்ளே நடுங்கிய கையெழுத்து. உறையைப் பிரித்ததும் குப்பென்று அந்த வாசனை. கிறிஸ்துமஸ் பார்சலைப் பிரித்தால் வீடெல்லாம் அடிக்குமே, சோப்பும் பவுடரும் கலந்த மாதிரி, அதேதான். என் படிப்புக்குப் பன்னிரண்டு வருடம் உதவிய அந்தம்மா எழுதியிருக்கிறார். எண்பதைத் தாண்டியிருக்கும். ஆனால் அட்டையில் நீங்கள் என் அப்பா இல்லை, மாமா.

சிரிக்காதீர்கள். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், அதுதான் எனக்கு ஆத்திரமே.

நாம் பிழைக்க வந்த மலையாள ஊரில், மட்டாஞ்சேரி பஜாரில் அரிசி குடோனுக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் சென்டர். சபைக்காரர்கள் நடத்தியது. பள்ளி விட்டதும் தெருப்பிள்ளைகள் எல்லோரும் படியேறி ஓடுவோம். ஒரு அவித்த முட்டை, ஒரு தம்ளர் பால், அப்புறம் பாடம், கடைசியில் பாட்டும் ஜெபமும். கோடை லீவில் காகிதத் தொப்பி மாட்டிக்கொண்டு ஊர்வலம் போவோம், நீங்கள் கைவண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கைதட்டுவீர்கள். எனக்கு அந்த இடம் உயிர். நம் வீட்டில் இல்லாத மின்விசிறி அங்கே இருந்தது. அதையெல்லாம் இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

ஆனால் முட்டையும் பாலும் எல்லோருக்கும், படிப்புச் செலவை ஏற்கும் வெளிநாட்டு ஸ்பான்சர் சிலருக்குத்தான். அப்பா இல்லாத பிள்ளை என்றால் உடனே கிடைக்கும். அப்பா குடிகாரர் என்றால் கொஞ்சம் தாமதமாகக் கிடைக்கும். மூட்டை ஏற்றிய கைவண்டியை நாளெல்லாம் இழுத்துவிட்டு, குடிக்காமல் அடிக்காமல் சாயங்காலம் வாழைப்பழத்தில் சுட்ட பழம்பொரியோடு வீட்டுக்கு வருகிற அப்பா இருந்தால்? அந்த வறுமை பத்தாது போல. சென்டரை நடத்திய லில்லி சேச்சி இரண்டு வருடம் என் பேரை அனுப்பிப் பார்த்தாள், யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது வருடம் ஃபாரத்தில் உங்கள் பெயருக்கு நேரே 'இறந்துவிட்டார்' என்று எழுதினாள். அம்மா கையெழுத்துப் போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன், ஒன்பது வயது.

"பேப்பர்ல தானே மோளே, ஆளு வீட்ல உண்டல்லோ" என்றாள் சேச்சி.

உங்களிடம் அம்மா சொன்னது, யாரோ ஒரு புண்ணியவதி பிள்ளையைப் படிக்கவைக்கிறாள் என்று மட்டும்தான்.

டிசம்பர் வந்தால் ஸ்பான்சருக்குக் கடிதம் எழுதவேண்டும். ஓரத்தில் மணியும் நட்சத்திரமும் போட்ட தாள் தருவார்கள். நாங்கள் மலையாளத்தில் எழுதுவோம், சேச்சி அடியில் இங்கிலீஷில் மாற்றுவாள். முதல் வருடம் நான் பாட்டுக்கு, 'என் அப்பா தினமும் எனக்குப் பழம்பொரி வாங்கி வருவார்' என்று எழுதிவிட்டேன். சேச்சி படித்தாள், ஒன்றும் திட்டவில்லை. தாளைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு வேறு தாள் கொடுத்தாள். அதில் நீங்கள் பரலோகத்தில் இருந்தீர்கள். அதே மாதம் பத்துக் கட்டளையைத் தப்பில்லாமல் ஒப்பித்ததற்கு எனக்கு ஒரு பூப்போட்ட குடை பரிசு. தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்கிற கட்டளையை மட்டும் சத்தம்போட்டுச் சொன்னேன், நல்ல மழையில் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உங்களுக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. "என்னட்டி எழுதியிருக்க, படி கேப்போம்" என்பீர்கள். நானும் தாளைப் பார்த்தபடியே, எழுதாததை எல்லாம் வாசிப்பேன். அப்பா நலம், அப்பாவுக்கு வேலை இருக்கிறது. கேட்டுவிட்டு ஒவ்வொரு வருடமும் ஒரே வரியைச் சொல்வீர்கள்: "பிள்ளையோட அப்பன் கும்பிட்டுக்கிட்டான்னு கடைசியில ஒரு வரி எழுது." எழுதுகிறேன்ப்பா என்று சொல்லி, பேனாவைத் தாளுக்கு மேலே அசைப்பேன். நான்கு டிசம்பர் அப்படி அசைத்தேன். அந்தக் கையை என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

பதிமூன்று வயதில் அந்தம்மா என்னைப் பார்க்க நேரிலேயே வந்துவிட்டார். அம்மாக்கள் மட்டும் வரும் கூட்டம் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். நீங்கள் எங்கே கேட்டீர்கள்? அன்றைக்குப் பார்த்துக் கீழ் குடோனுக்கு அரிசி லோடு. மூட்டையை இறக்கிவிட்டு, வாசலில் காரைப் பார்த்துவிட்டு, ஓடிப்போய் சூடாக நேந்திரங்காய் வறுவல் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு படியேறி வந்தீர்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

இவர் யார் என்று அந்தம்மா கேட்டார். லில்லி சேச்சி வாயைத் திறந்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன், அப்பா. இத்தனை வருடம் சேச்சி மேலும் சபை மேலும் பழியைப் போட்டுக்கொண்டு திரிந்தேன், ஆனால் சொன்னது என் வாய். "அங்கிள்" என்றேன்.

அங்கிள் என்றால் என்னவென்று மட்டாஞ்சேரியில் யாருக்குத் தெரியாது? அந்தம்மா உங்கள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தகப்பனில்லாத பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறீர்களே என்று கண் கலங்கினார். சேச்சி வேறு வழியில்லாமல் அதை மலையாளத்தில் சொன்னாள். நீங்கள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தீர்கள். பிறகு "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று தலையாட்டிவிட்டு வறுவலை அவர் கையில் கொடுத்தீர்கள்.

காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். நான் அழத் தயாராக இருந்தேன். நீங்கள் திட்டியிருக்கலாம், ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். "மாமன்னா சும்மாவாட்டி? சீரு செய்யணும்லா. என்ன வேணும், சொல்லு" என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். தப்பித்தோம் என்று சிரித்தேன்.

அந்த டிசம்பரில் கடிதத்தை வைத்துக்கொண்டு உங்கள் முன்னால் உட்கார்ந்தேன். படிக்கச் சொல்லவில்லை நீங்கள். அந்த ஒரு வரியையும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த வருடமும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் நான் பெரியவளானேன். அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. யார் ஓலை கட்டுவது, யார் சீர் வைப்பது என்று நம் தெரு பெண்கள் கூடிப் பேசினார்கள். "மாமன் நாந்தான். வெள்ளைக்காரம்மாவே கையைப் பிடிச்சிச் சொன்ன மாமன்லா" என்று நீங்கள் சொல்ல, கூட்டமே விழுந்து சிரித்தது. அம்மா மட்டும் உள்ளே போய்விட்டாள். நீங்களே தென்னங்கீற்று கொண்டுவந்து மூலையில் குடிசை கட்டினீர்கள். பச்சைப் பாவாடையும் தாவணியும் தட்டில் வைத்து மாமன் இடத்தில் நின்றீர்கள். தகப்பன் இடத்தில் யாரும் நிற்கவில்லை.

எனக்குக் காக்கநாட்டில் வேலை கிடைத்ததும், குடும்பத்தை அழைத்துவரும் நாள் ஒன்று ஆபீஸில் வந்தது. வைட்டிலா வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ பிடித்துவிடலாம், வாங்கப்பா என்று எத்தனை தடவை கெஞ்சினேன்! செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமல் கேட்டீர்கள்: "என்னன்னு சொல்லி உள்ள விடுவ?" வாழ்நாளில் நீங்கள் என்னைக் குத்திக் கேட்டது அந்த ஒன்றுதான்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தம்மா, 'உன் நல்ல மாமா சுகமா?' என்று கேட்காமல் விட்டதில்லை. இந்த மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். அவருக்கு எழுத உட்கார்ந்தேன். என் அப்பா இறந்துவிட்டார் என்று முதல் வரியை எழுதினேன், நிஜமாகவே எழுதினேன். பிறகு லில்லி சேச்சிக்கு போன் போட்டேன். அவளுக்கும் வயதாகிவிட்டது. "இப்ப அது சொன்னா, இங்க இருக்கிற குட்டிகளோட கதி எந்தா மோளே? யாரு நம்மள நம்பும்?" என்று அழுதாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மாடியில் இன்றைக்கும் பிள்ளைகள் முட்டைக்கு வரிசையில் நிற்கிறார்கள், பாதிப்பேர் நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள்தான். ஆனால் அதெல்லாம் சாக்கு, அப்பா. எனக்கு வெட்கம், அவ்வளவுதான். அந்த வரியை அடித்துவிட்டு, மாமா இறந்துவிட்டார் என்று எழுதி அனுப்பினேன்.

அதற்குத்தான் இந்த அட்டை. அட்டை வந்ததைக் கேட்டுச் சபைக்காரர்கள் சொல்லியனுப்பியிருக்கிறார்கள்: சென்டர் பிள்ளைகளின் வருடாந்திரக் கூட்டத்தில் நான் ஸ்டேஜ் ஏறி, கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சாட்சி சொல்லவேண்டுமாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதில் இந்த அட்டையையும் வாசிக்கவேண்டுமாம். மனப்பாடமே ஆகிவிட்டது எனக்கு. 'உன் அப்பா மட்டும் உயிரோடு இருந்திருந்தால், உன் மாமாவின் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருப்பார்' என்று எழுதியிருக்கிறார் அந்தம்மா.

போவேனா, போய் எதைச் சொல்வேன், தெரியவில்லை. தைரியசாலி என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளும் வயதெல்லாம் தாண்டிவிட்டது. நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பிள்ளையோட அப்பன் கும்பிட்டுக்கிட்டான். இதுவரை யாருக்கும் நான் அதை எழுதவில்லை.