விசில் நிற்கவில்லை

அப்பா,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. சூடு பண்ணிக்கொள்ளுங்கள். கூடத்தில் இருப்பது நான் செய்துகொண்டிருக்கும் இரண்டாவது ஸ்பீக்கரின் மரக் கூம்பு. பசை இன்னும் காயவில்லை, தொட வேண்டாம். அதன் மேல் துண்டைக் காயப்போடவும் வேண்டாம்.

நேற்று முதல் ஸ்பீக்கரைச் சோதிக்க ஒரு விசில் சத்தத்தின் சுருதியை மெல்ல மெல்ல உச்சத்துக்கு ஏற்றிக்கொண்டே போனேன். எதிரே உட்கார்ந்திருந்த நீங்கள் பாதியிலேயே, "ஏம்மா நிறுத்திட்ட?" என்றீர்கள். நான் நிறுத்தவில்லை. அதைச் சொன்னதும், "அப்ப நான் செவிடா? உன் பெட்டிதான் ஓட்டை!" என்று கத்திவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

பெட்டியை மறுபடி பிரித்துப் பார்த்தேன். அதில் கோளாறு இல்லை.

சாயங்காலம் தம்பி வருவான். காது டாக்டரைப் பார்க்க அவனோடு கிளம்புங்கள். தலைவலி என்று சாக்குச் சொல்ல வேண்டாம். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

பி.கு.: எங்கள் பேச்சுக்கெல்லாம் சும்மா தலையாட்டுவது போல டாக்டரிடமும் ஆட்டிவிடாதீர்கள். காதில் விழாவிட்டால் விழவில்லை என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. இரண்டு ஸ்பீக்கரையும் உங்கள் நாற்காலியைப் பார்த்துத்தான் வைக்கப்போகிறேன்.